படி யார் கையில்?

என் தாயார் பால் வாங்குகிற அழகை நான் சிறு வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். பால்காரர் வாசலில் வந்து நின்று தம்முடைய ஆழாக்கை எடுப்பார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன்னுடைய ஆழாக்கைக் கொண்டுவந்து நீட்டுவாள். ஒரு நாள் அவருக்கு மனம் தாங்கவில்லை.

"என்னம்மா, இத்தனை வருஷமா ஊத்தறேன். என் மேலே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

"நம்பிக்கை இருக்கிறதனாலேதான் உங்ககிட்டயே வாங்கறேன். நாளைக்கும் அது இருக்கணும்னுதான் அளந்து வாங்கறேன்" என்றாள் அம்மா.

அந்தப் பதிலில் இருந்த பொருள் அன்று எனக்கு எட்டவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, வேறொரு பொருளை விலைகொடுத்து வாங்கப் போய்த்தான் அது எனக்கு விளங்கிற்று. அந்தப் பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, கையில் எடுத்துப் பார்க்க முடியாது. மயிரிழை போன்ற கண்ணாடி நூல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. பிராட்பேண்ட் என்று அதற்குப் பெயர். மாதம் பிறந்தால் அதற்கும் பாலைப் போலவே கணக்குத் தீர்க்கிறோம். ஆனால் எத்தனை ஆழாக்கு ஊற்றினார்கள் என்று நம்மில் யாரும் பார்ப்பதில்லை.

என் தங்கையின் மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கடல் கடந்த ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்கு நேர்காணல் வந்தது. நேரில் போக வேண்டியதில்லை. கணினியின் முன்னால் உட்கார்ந்து பேசினால் போதும். நம் இரவு ஒன்பது மணி அவர்களுக்குக் காலை வேளை. "மாமா, எங்க ஹாஸ்டல்லே லைன் சரியா இருக்காது. உங்க வீட்டிலே வந்து பேசட்டுமா?" என்று கேட்டாள்.

"தாராளமாக வா. நம் வீட்டில் நூறு மெகாபிட் போட்டிருக்கிறேன். கவலையே வேண்டாம்" என்று பெருமையோடு சொன்னேன்.

அன்று இரவு, அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது, திரையில் எதிர்ப்புறத்து மனிதரின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் நின்றது. மறுபடி இணைப்புக் கிடைத்தபோது, "பிறகு கூப்பிடுகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவர்கள் பிறகு கூப்பிடவில்லை.

"பரவாயில்லை மாமா" என்றாள் அவள். அந்தப் "பரவாயில்லை"தான் என்னை உறங்கவிடவில்லை. ஏனென்றால் அந்தக் குழந்தை கம்பெனியின் விளம்பரத்தை நம்பி என் வீட்டுக்கு வரவில்லை. என் வாய்ச் சொல்லை நம்பி வந்தாள். நானோ நான் அளந்தே பார்க்காத ஒன்றுக்குப் பிணை நின்றுவிட்டேன்.

இரவோடு இரவாகக் கம்பெனிக்குப் போன் செய்து, யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லத் தகாத கடுமையோடு பேசினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பையன் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பெட்டியில் ஒரு கம்பியைச் செருகி, தன் மடிக்கணினியில் ஏதோ தட்டினான். முள் சுழன்று நின்றது.

"பாருங்க சார், தொண்ணூற்றெட்டு காட்டுது."

"நேற்று ராத்திரி அது எங்கே போச்சு?"

"அது எனக்கு எப்படிங்க சார் தெரியும்? இப்போ இருக்குது" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இருந்தும் எங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ ஓர் அநியாயம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது. காலை பத்து மணிக்கு ஊரே வேலைக்குப் போயிருக்கும் வேளையில் அளந்தால் படி நிறைகிறது. இரவு ஒன்பது மணிக்கு ஊரே வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் வேளையில் அளந்தால் படி குறைகிறது. அளக்கும் வேளையையும் இடத்தையும் விற்கிறவனே தேர்ந்தெடுத்துக்கொண்டால், பொய்யே சொல்லாமல் ஒருவன் ஏமாற்ற முடியும். இது எனக்குப் புதிய பாடம்.

அவன் போன பிறகு ஒப்பந்தத் தாளை எடுத்துப் படித்தேன். "100 மெகாபிட் வரை" என்று இருந்தது. அந்த "வரை" என்ற சொல்லை நான் முன்பு கவனிக்கவில்லை.

தமிழில் "வரை" என்பது நேர்மையான சொல்தான். "திருச்சி வரை போகும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்ட கண்டக்டர் செங்கல்பட்டில் இறக்கிவிட்டால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் அதே சொல் விளம்பரத்துக்குள் புகுந்தவுடன் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே "நூறு வரை" என்றால் நூறுக்கு மேல் போகாது என்று மட்டுமே பொருள். பத்தும் அதற்குள் அடக்கம், பூஜ்யமும் அடக்கம். விற்கிறவன் தன்னைக் கட்டிப்போட வேண்டிய சொல்லை வைத்து வாங்குகிறவனைக் கட்டிப்போட்டுவிடுகிறான்.

இந்த ஒரு சொல்லின் மீது இங்கிலாந்தில் நடந்த வாதத்தைப் பிறகு படித்து அறிந்துகொண்டேன். அங்கே விளம்பரங்களை நெறிப்படுத்துகிற அமைப்பு 2012 ஏப்ரலில் ஒரு விதி செய்தது. வாடிக்கையாளர்களில் பத்தில் ஒருவருக்காவது அந்த வேகம் கிடைத்தால், "வரை" என்று போட்டு விளம்பரம் செய்யலாம் என்பது விதி. மற்ற ஒன்பது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்க அந்த விதியில் இடமில்லை. ஆறு ஆண்டுகள் அந்த விதி நடைமுறையில் இருந்தது. 2018 மே 23 முதல் அதை மாற்றினார்கள். இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை, கூட்டம் மிகுந்த அந்த வேளையில், குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கிற வேகத்தைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்றார்கள். என்ன நடந்தது தெரியுமா? "17 மெகாபிட் வரை" என்று பறைசாற்றிக்கொண்டிருந்த செம்புக் கம்பி இணைப்புகளெல்லாம் விளம்பரத்தில் 10, 11 என்று இறங்கிவிட்டன. கம்பி மாறவில்லை, கருவி மாறவில்லை. அளக்கும் வேளை மாறியது. யாரை வைத்து அளப்பது என்பதும் மாறியது. உண்மை அங்கேயேதான் இருந்தது. அதைச் சொல்லும்படி கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

"பாதிப் பேருக்கு" என்று ஏன் சொன்னார்கள், சராசரி எடுத்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டுக்குப் பத்துப் பத்து மெகாபிட் வருகிறது. பத்தாவது வீட்டுக்காரர் வசதியுள்ளவர். அவருக்குத் தொள்ளாயிரத்துப் பத்து வருகிறது. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி நூறு! "இந்தத் தெருவின் வேகம் நூறு" என்று யாரும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். கூட்டலிலோ வகுத்தலிலோ பிழை இல்லை. நடுவில் நிற்கிற வீட்டுக்காரரைப் பிடித்து, "உமக்கு எவ்வளவு வருகிறது?" என்று கேட்டால்தான் தெருவின் நிலை தெரியும். அவர் பத்து என்பார்.

அப்படியானால் அளக்கும் படி யார் கையில் இருக்க வேண்டும்?

முதலில் தோன்றும் பதில், சர்க்கார் கையில் என்பது. அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷன், தாமாக முன்வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுகளில் ஒரு சிறு பெட்டியை வைத்தது. வீட்டில் யாரும் இணைப்பைப் பயன்படுத்தாமல் இருக்கும் சமயம் பார்த்து அந்தப் பெட்டி தானாகவே அளக்கும். வார நாட்களில் இரவு ஏழு மணி முதல் பதினொரு மணி வரை எவ்வளவு கிடைக்கிறது, விளம்பரத்தில் சொன்னது எவ்வளவு என்று ஒப்பிட்டு, 2011 ஆகஸ்டில் முதல் அறிக்கையைக் கம்பெனிகளின் பெயரோடு வெளியிட்டார்கள். அளவுகளின் மூலக் கணக்கையும் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். ஒரு பெரிய கம்பெனி அந்த இரவு வேளையில், தான் சொன்னதில் ஏறக்குறையப் பாதியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நாடறிய அச்சில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே கம்பெனி சொன்னதைவிட அதிகமாகவே கொடுத்தது! தண்டனை எதுவும் விதிக்கப்பட்டதாக நான் படிக்கவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கமே போதுமானதாக இருந்தது போலும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளை நீங்கள் நினைத்துப் பாருங்கள். அன்று கரும்பலகை கறுப்பாக இருக்கும். முன்வரிசையில் கெட்டிக்காரப் பையன்கள் இருப்பார்கள். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு மட்டும் நன்றாக ஊற்றலாம் அல்லவா? அப்படிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனிகளிடம் நன்னடத்தை உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் அந்தத் திட்டத்தையே நடத்தினார்கள். உறுதிமொழி வாங்க வேண்டியிருந்தது என்பதே சந்தேகத்துக்கு அடையாளம்.

ஆகவே வேறொரு வழியையும் சிலர் யோசித்தார்கள். இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பொதுநலனுக்காக உழைக்கும் ஓர் ஆய்வு நிறுவனம், கூகிள் கம்பெனி ஆகியோர் சேர்ந்து 2009 ஜனவரியில் "மெஷர்மென்ட் லேப்" என்ற பொது அளவைக் கூடத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது எளிய காரியம்தான். உலகின் பல நகரங்களில், பல கம்பெனிகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களுக்கு அருகே, அளப்பதற்கென்றே கணினிகளை வைத்தார்கள். நீங்கள் வீட்டிலிருந்து பொத்தானைத் தட்டினால், சுமார் பத்து விநாடி அங்கிருந்து இங்கும், பத்து விநாடி இங்கிருந்து அங்கும் தகவலை அனுப்பி, எவ்வளவு போயிற்று, எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அந்த இடம் முக்கியம். உங்களுக்கு இணைப்பு விற்கிற கம்பெனியின் எல்லைக்குள்ளேயே ஒரு கணினியை வைத்து அளந்தால், வீட்டிலிருந்து அவர்கள் மதில்சுவர் வரை உள்ள பாதைதான் தெரியும். நாம் போக விரும்புகிற இடமோ மதிலுக்கு வெளியே இருக்கிறது. என் தங்கை மகளின் முகம் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. கம்பெனியின் ஆபீசுக்கு அல்ல. இரண்டு அளவும் உண்மைதான். ஆனால் இரண்டும் இரண்டு கேள்விகளுக்குப் பதில். எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டுவதுதான் தவறு.

இதைவிட என்னைக் கவர்ந்தது, அளந்த கணக்கை அவர்கள் வைத்திருக்கும் முறை. அளக்கும் கருவியின் உள்ளமைப்பை யாரும் பார்க்கலாம். அளந்த ஒவ்வோர் அளவையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம், அனுமதி வேண்டாம். அவர்கள் கணக்கில் பிழை இருக்கிறது என்று நினைப்பவர், அதே புள்ளிகளைக் கொண்டே அதை நிரூபிக்கலாம். கம்பெனியும் செய்யலாம், கம்பெனியோடு வழக்காடுகிறவரும் செய்யலாம்.

இதைப் படித்தபோது எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில்தான் நினைவுக்கு வந்தது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் "ஆடவல்லான்" என்ற மரக்கால் வருகிறது. நெல்லை அளக்கும் படிக்கு நடராஜப் பெருமானின் பெயர்! பொன் நிறுக்கும் கல்லுக்கும் அதே பெயர். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருப்பதையும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் காணலாம். ஏன் சுவரில் வெட்டினார்கள்? அளக்க வந்தவரின் கோலில் சந்தேகம் வந்தால், யாரும் சுவரோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தானே? அளவு ஒருவரின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தால் அது அவருடைய சொல். ஊர் பார்க்கும் சுவரில் இருந்தால் அது ஊரின் சொல்.

இதுவரை நான் விற்கிறவனைப் பற்றியே பேசிவிட்டேன். வாசகர்களுக்கு அது இனித்திருக்கும், எனக்கும் இனித்தது. இனி வாங்குகிறவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவ்வளவு இனிக்காது.

கம்பெனிக்குப் பாடம் கற்பிப்பது என்ற வைராக்கியத்தோடு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரு மாதம், தினமும் காலை ஏழு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று வேளை அளந்து எழுதுவது என்று தீர்மானித்தேன். பெட்டியில் கம்பி செருகி ஒரு முறை. நான் எழுதுகிற பின் அறையில், கைப்பேசியில், கம்பியில்லாமல் ஒரு முறை. முதல் நாள் முடிவதற்குள்ளேயே என் வைராக்கியத்துக்கு ஓர் அடி விழுந்தது. காலை ஏழு மணிக்குக் கம்பியில் தொண்ணூற்றைந்து காட்டியது. அதே நிமிஷம் பின் அறையில் முப்பது! இரண்டுக்கும் நடுவே கம்பெனி இல்லை. என் பாட்டனார் காலத்து இரும்புப் பீரோதான் இருந்தது. அழகுக்காகப் பெட்டியை அந்தப் பீரோவின் பின்னால் ஒளித்து வைத்தவன் நான்தான்.

என் தங்கை மகள் நேர்காணலுக்கு உட்கார்ந்தது அந்தப் பின் அறையில்.

அன்று இரவு போனில் ஒரு பெண்ணிடம் நான் பேசிய பேச்சு என் காதில் மறுபடி ஒலித்தது. யாரும் பார்க்காத இடத்தில் தலை குனிவதற்கும் மனிதனுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. பீரோவை நகர்த்தினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கம்பியிலேயே எடுத்த அளவுகளைப் பார்த்தால், இரவு ஒன்பது மணிக்கு அது நாற்பது, நாற்பத்தைந்து என்று பெரும்பாலும் இறங்கியே நின்றது. பதில் திரும்பி வரும் நேரமும் அந்த வேளையில் கூடியது. இந்தப் பதில் நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. லாரி நிறையச் சாமான் வந்து இறங்குவது வேறு. தபால்காரர் கடிதம் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வருவது வேறு. படம் பார்க்கிறவனுக்கு லாரி போதும். முகம் பார்த்துப் பேசுகிறவனுக்குத் தபால்காரர் தாமதமில்லாமல் ஓடிவர வேண்டும். விளம்பரங்கள் லாரியின் கொள்ளளவையே பேசுகின்றன. ஆக, குற்றத்தில் ஒரு பங்கு என் பீரோவுடையது. ஒரு பங்கு கம்பெனியுடையது. அளக்காமல் இருந்தபோது முழுக்குற்றமும் அவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மக்கள் தாமாக அளக்கும் பொதுக் கணக்குகளுக்கும் இந்தக் குறை உண்டு. யார் அளக்கிறார்கள்? பெரும்பாலும் கோபம் வந்தவர்கள். எப்போது அளக்கிறார்கள்? இணைப்பு மக்கர் செய்யும்போது. எங்கே நின்று அளக்கிறார்கள்? பீரோவுக்குப் பின்னால். குறைந்த வேகத்துக்குச் சந்தா கட்டுகிறவனின் பத்தும், அதிக வேகத்துக்குக் கட்டி ஏமாந்தவனின் பத்தும் கணக்கில் ஒரே பத்தாகத்தான் விழுகின்றன. ஆகவே ஒற்றை அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆயிரம் அளவுகள் சேர்ந்து, ஒரே தெருவில், ஒரே கம்பெனியில், ஒரே வேளையில், மாதக்கணக்கில் இறங்கி ஏறினால், அது பீரோவின் குற்றமாக இருக்க முடியாது. எல்லார் வீட்டுப் பீரோவும் இரவு ஒன்பது மணிக்கு நகர்ந்து வந்து வழியை மறிக்குமா என்ன?

தனி மனிதனின் குறை முறையீடாக முடிந்துவிடுகிறது. பலருடைய குறை ஒரே முறையில் அளக்கப்பட்டு ஓரிடத்தில் சேர்ந்தால் சாட்சியமாகிறது. நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் 2015 டிசம்பரில், அவரவர் வீட்டு இணைப்பை அளந்து முடிவை அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். 2017 பிப்ரவரியில் ஒரு பெரிய கம்பெனியின் மீது வழக்குத் தொடரப்பட்டது. கொடுக்க முடியாது என்று தெரிந்தே வேகத்தை வாக்களித்தார்கள், அந்த வேகத்தைத் தாங்காத பழைய பெட்டிகளை வாடகைக்குக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2018 டிசம்பரில் 17 கோடியே 42 லட்சம் டாலர் மதிப்பில் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. வீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் அளந்து அனுப்பும்படி கேட்கப்பட்டதும், முணுமுணுப்புக்கு எடை வந்துவிட்டது.

சாட்சி சொல்வதற்கு ஒரு விலையும் உண்டு. மெஷர்மென்ட் லேபில் அளந்தால், நீங்கள் அளந்த வேளையும் உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரியும் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லித்தான் அளக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை. இருந்தாலும் சாட்சிக்கூண்டில் ஏறி நிற்பது போல அது ஒரு சிறு வெளிப்பாடுதான். வேகம் அளக்கும் இன்னொரு பெரிய கம்பெனியான ஊக்லா, 2020 முதல் தன் கணக்கைக் காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மொத்தமாகக் கணக்குச் சொல்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 600 மீட்டர். அங்கே தனி மனிதன் கூட்டத்தில் மறைந்துகொள்கிறான். ஆனால் கணக்கைத் துருவிப் பார்க்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. மறைவும் வேண்டும், உண்மையும் வேண்டும் என்றால் எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். கோட்டை எங்கே போட்டோம் என்று ஒளிக்காமல் சொல்வதுதான் இதில் நேர்மை.

இத்தனைக்கும் பிறகு, எந்தப் பொதுக் கணக்கிலும் வராத ஒருவன் இருக்கிறான். இணைப்பே இல்லாதவன். வேகத்தை அளக்க வேண்டுமானால் முதலில் வேகம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! அவனுடைய பூஜ்யத்தை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை. அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனிகளே தங்கள் வட்டாரங்களைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்கும். மக்கள்தொகைக் கணக்குக்காகப் பிரித்த ஒரு சிறு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடிந்தாலும், அந்த வட்டாரம் முழுவதும் இணைப்புப் பெற்றதாகவே தேசப்படத்தில் வண்ணம் ஏறிவிடும். மலையடிவாரத்தில் கம்பியே வராத வீட்டுக்காரன் படத்தில் இணைப்பு உள்ளவன். ஆகவே உதவிக்குத் தகுதியற்றவன்! 2020இல் சட்டம் செய்து, 2022 நவம்பரில் வீடு வீடாகக் காட்டும் புதிய படம் வெளியிட்டார்கள். "என் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியது தவறு" என்று குடிமகன் மறுப்புச் சொல்ல அதில் வழி வைத்தார்கள். நான்காயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்ட அரசாங்கப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிடும் அளவுகோல் அந்தப் படம். அளவு தவறினால் ஒரு வேளைப் படம் நின்றுபோவதோடு முடிவதில்லை. ஒரு பள்ளிப் பிள்ளையின் பாடமும் ஒரு நோயாளியின் ஆலோசனையும் நின்றுபோகலாம்.

நம் நாட்டிலும் "பிராட்பேண்ட்" என்ற பெயருக்கே படி மாறிவந்திருக்கிறது. 2004இல் 256 கிலோபிட் இருந்தால் அந்தப் பெயர் கிடைத்தது. 2013இல் அது 512 ஆயிற்று. 2023இல் தான் 2 மெகாபிட் ஆயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களே கைப்பேசியில் அளந்து பார்க்க 2016இல் ஒரு செயலியைக் கொடுத்தது. கருவிகள் இல்லாமல் இல்லை. அளந்து பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு. ஓட்டலில் இட்லி சிறுத்துவிட்டது என்று சண்டைக்குப் போகிற நாம், கண்ணுக்குத் தெரியாத பொருள் என்றால் கை கூப்பி நின்றுவிடுகிறோம்.

மாதம் முடிந்து, நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பையனை மறுபடி வரச் சொன்னேன். முதலில் பீரோ கதையைச் சொன்னேன். அவன் சிரிக்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்தான். பிறகு இரவு ஒன்பது மணிக் கணக்கைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். முகம் மாறியது.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இந்தப் பக்கம் வீடு கூடிக்கிட்டே போகுது. சாயங்காலம் மேலேயிருந்து வர்ற லைனே பத்தலை. நாங்க சொன்னா ஆபீசிலே காதிலே வாங்க மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வீட்டிலும் திட்டு வாங்கறது நாங்கதான்."

"இந்தக் கணக்கைக் கொடுத்தால் கேட்பார்களா?"

"உங்க ஒருத்தர் கணக்கைக் கொடுத்தா உங்க வீட்டிலே கோளாறுன்னு சொல்லிடுவாங்க சார்" என்றான். கொஞ்சம் யோசித்து, "தெருவிலே இன்னும் நாலஞ்சு வீட்டிலே இப்படி எழுதிக் கொடுத்தா, அப்போ ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான்.

நான் எதிரியாக நினைத்தவன் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தான். அவனும் ஒரு விதத்தில் என் தங்கை மகளைப் போன்றவன்தான். பிறர் கொடுத்த வாக்குக்காகத் தான் அடிபடுகிறவன்.

அன்று மாலை ஐந்து நோட்டுப் புத்தகங்கள் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மூன்று வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "உங்களுக்கு வேறே வேலை இல்லையா சார்?" என்றே கேட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: "முதலில் உங்கள் பெட்டியின் முன்னால் பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எழுதுங்கள். நன்றாக இருக்கிற நாளையும் எழுதுங்கள்."

இரண்டு நோட்டுகளும் என்னுடையதும் சேர்ந்து கம்பெனிக்குப் போயிருக்கின்றன. பதில் வந்தபாடில்லை. மூன்றாவதாக இன்னொரு வீட்டுக்காரர் இப்போது எழுத ஆரம்பித்திருக்கிறார். என் தங்கை மகள் வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது பீரோ இடம் மாறியிருப்பதைப் பார்த்து, "ஏன் மாமா நகர்த்தினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். பிணை நின்றவன் கணக்கைத் தீர்க்க வேண்டும் அல்லவா? அவள் இந்த முறை "பரவாயில்லை" என்று சொல்லவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

அம்மாவின் ஆழாக்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பால்காரர் ஏமாற்றுகிறார் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. படி தன் கையில் இருந்ததால் அவளுக்குச் சந்தேகப்பட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அளவு குறைந்த நாளில் அவள் முதலில் தன் ஆழாக்கைத் திருப்பிப் பார்ப்பாள், அடியில் நசுங்கியிருக்கிறதா என்று. அதன் பிறகுதான் பால்காரரை நிமிர்ந்து பார்ப்பாள்.